சண்டிக்குதிரையும் பின்கணு நோவும்

'சண்டிக்குதிரை' என்னுஞ் சொல் நம் மொழியிலே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. நட என்றால் நிற்பதும், திரும்பு என்றால் தலையை உதறுவதும், தடையைத் தாண்டு என்றால் அதன் முன்னே வந்து கால்களை ஊன்றிக்கொள்வதும் அதன் இயல்புகள் எனக் கொள்ளப்படும். அத்தகைய குதிரைக்குச் சவுக்கே மருந்து என்பது பழைய முடிபு. ஆயின், இன்று அக்குதிரையை மிருக வைத்தியர் ஒருவரிடம் கொண்டுசென்றால், அவர் சவுக்கைப் பற்றிப் பேசமாட்டார். குதிரையை நடக்கவிட்டுப் பார்ப்பார். பின்பு அதன் பின்னங்காலின் நடுவிலே உள்ள ஒரு மூட்டினைக் கையாற் தடவிப் பார்ப்பார். சண்டித்தனம் எனப் பெயர் பெற்ற நடத்தை, பல வேளைகளிலே, அம்மூட்டின் நோவாக இருத்தல் கூடும் என்பதை அவர் அறிவார்.

நேயர்களே, அந்த மூட்டு யாது, அதற்கு உண்டாகும் நோய்கள் எவை, அவற்றைத் தீர்க்கும் வழிகள் எவை என்பனவற்றையே இன்று நாம் ஆராயவிருக்கின்றோம்.

குதிரையின் பின்னங்காலைப் பக்கவாட்டில் நின்று நோக்குவோர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. நம்முடைய முழங்கால் முன்னே புடைத்து நிற்கின்றது. குதிரையின் முழங்கால் மாத்திரம் பின்னே புடைத்து நிற்பதேன்? விடை எளிது. நாம் முழங்கால் என மயங்குவது முழங்கால் அன்று, அது கணுக்கால். பின்னே கூராகத் துருத்தி நிற்கும் என்பு நமது குதிகாலுக்கு நேரானது. குதிரையின் உண்மையான முழங்கால் அதற்கு மேலே, வயிற்றின் ஓரமாக அமைந்திருப்பதால் எளிதிற் புலப்படுவதில்லை. ஒரு மனிதன் தன் குதிகாலைத் தரையிலிருந்து உயர்த்தி, நடுவிரல் ஒன்றின் நுனியிலே மட்டும் நின்று நடப்பதாக எண்ணிப் பாருங்கள். குதிரை என்றும் நிற்கும் நிலை அதுவே. அவ்விரலின் நகமே குளம்பு. உயர்ந்து நிற்கும் இக்கணுக்காலை ஆங்கிலேயர் 'ஹொக்' என்பர். நாம் அதனைப் 'பின்கணு' என வழங்குவோம்.

பின்கணு என்பது ஒரே மூட்டன்று, மூட்டுகளின் அடுக்கு. மேலே கணைக்கால் என்பு. கீழே குளம்பை நோக்கி இறங்கும் நீண்ட என்பு. இவ்விரண்டிற்கும் இடையே ஆறு சிறிய என்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகவும் பொருத்தப்பட்டுள்ளன. இவற்றுக்கிடையே நான்கு மாடிகள் போல நான்கு மூட்டுகள் அமைகின்றன. மேல்மாடியிலுள்ள மூட்டு உருளையிலே கயிறு புரள்வது போலத் தாராளமாக மடிந்து நீள்வது. பின்கணுவின் அசைவு ஏறத்தாழ முழுவதும் அதிலேயே நிகழ்கின்றது. அதற்குக் கீழேயுள்ளவற்றில், சிறப்பாக அடியிலுள்ள இரண்டில், என்புகள் அடுக்கிய ஓடுகள் போலத் தட்டையாகக் கிடக்கின்றன. அவை அசைவது மிகச் சிறிதே. அவற்றின் வேலை மடிதலன்று; அதிர்ச்சியைத் தாங்குதல். இந்த வேறுபாட்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னர் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது இதுவே திறவுகோலாக அமையும்.

அசையாது நிற்கும் குதிரையின் நிறையில் ஏறத்தாழ 100க்கு 60 பங்கினை முன்னங்கால்களே தாங்குகின்றன. ஆயின் உடலை முன்னே உந்தித் தள்ளுவது பின்னங்கால்களின் பணி. சுமார் 500 கிலோகிராம் நிறையுள்ள ஒரு குதிரை, தன் முதுகில் ஒரு மனிதனையும் ஏற்றிக்கொண்டு வேலியைத் தாண்டி எழும்போதும், ஓடும் வேகத்தில் சடுதியாகத் திரும்பும்போதும், நின்ற நிலையிலிருந்து பாரவண்டியை இழுக்கத் தொடங்கும்போதும், அவ்வளவு விசையும் பின்கணுக்களின் வழியாகவே செல்லுகின்றது. அங்கே நோய் மிகுதியாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இந்நோய்களைக் கண்ணுக்குத் தெரிவன என்றும், கண்ணுக்குத் தெரியாதன என்றும் இரு வகுப்பாகப் பிரித்துக்கொண்டால் விளங்கிக்கொள்ளுதல் எளிது. கண்ணுக்குத் தெரிவன எல்லாம் கொடியன அல்ல; தெரியாதன எல்லாம் சிறியன அல்ல என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றேன்.

கண்ணுக்குத் தெரியும் வீக்கங்களுள் முதலாவது, மேல்மூட்டிலே நீர் மிகுந்து உண்டாவது. பின்கணுவின் முன்புறத்தில் மெத்தென்ற ஒரு புடைப்புத் தோன்றும். விரலால் அழுத்தினால் நீர் வேறொரு பக்கத்திலே எழும்பும். ஆங்கிலக் குதிரைக்காரர் இதனை 'பொக் ஸ்பாவின்' என்பர். பல குதிரைகள் இவ்வீக்கத்துடனேயே நொண்டாது வேலை செய்வதுண்டு. ஆயின், இளங்குதிரையொன்றில் இது தோன்றுமாயின், வளர்ச்சிப் பருவத்திலே குருத்தெலும்பு செவ்வனே உருவாகாமல் ஒரு சிறு துண்டு பிரிந்து மூட்டினுள் நிற்கின்றதோ என்று எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு இருப்பின், சிறு துவாரத்தின் வழியே ஒளிக்குழல் ஒன்றைச் செலுத்தி அத்துண்டினை அகற்றுகின்றனர். காரணத்தை அகற்றாது நீரை மட்டும் ஊசியால் இழுத்துவிடுதல், ஒழுகும் கூரையைத் திருத்தாது தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும். நீர் மீண்டும் நிரம்பும்.

இரண்டாவது, குதிகால் முனைக்குச் சற்று மேலே, பின்புறத்துப் பெரிய தசைநாணுக்கு முன்னால், இருபக்கமும் தோன்றும் வீக்கம். ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் பெருக்கும். இது மூட்டின் நீரன்று. தசைநாண் ஓடும் உறையினுள் மிகுந்த நீர். மூன்றாவது, குதிகால் முனையிலேயே தொப்பி கவிழ்த்தாற்போல எழும் வீக்கம். லாயத்தின் சுவரை உதைக்கும் குதிரைக்கும், போதிய வைக்கோலின்றி வெறுந்தரையிற் படுத்தெழும் குதிரைக்கும் இது உண்டாகும். இதற்கு முதற் சிகிச்சை குதிரைக்கன்று, லாயத்துக்கே. தரையிலே தடிப்பாக வைக்கோல் பரப்புதலும், உதைப்பதன் காரணத்தை அறிந்து நீக்குதலும், தொடக்கத்திலே குளிர்நீர் ஊற்றுதலும் போதியவை. அழகைக் கருதி அவ்வீக்கத்தைக் குத்தித் திறப்பது, இல்லாத கிருமியை உள்ளே அழைப்பதாகும். நான்காவது, குதிகால் முனைக்குக் கீழே, காலின் பின்புறக் கோடு நேராக இராது வெளியே வளைந்து தடித்து நிற்பது. அங்கேயுள்ள பிணைநாரோ தசைநாணோ நைந்திருத்தல் கூடும். எது நைந்தது என்பதைக் கழியொலிப் படத்தினால் அறிந்து, குளிர்ச்சியும் ஓய்வும் கொடுத்து, பின்னர்ப் படிப்படியாக வேலைக்குத் திருப்புவர்.

இவ்விடத்திலே ஓர் அவசர எச்சரிக்கை. பின்கணுவின் அருகே ஆணியோ முட்கம்பியோ கிழித்த காயம் எவ்வளவு சிறியதாயினும் அதனை அற்பமாக எண்ணலாகாது. கிருமி மூட்டினுள் நுழைந்துவிட்டால், குருத்தெலும்பு சில நாட்களுக்குள்ளேயே திரும்பப் பெற இயலாதவாறு கெட்டுவிடும். காயம்பட்ட குதிரை கால் ஊன்ற மறுத்தால் மறுநாள் வரை பொறுத்திருத்தல் தகாது. சில மணி நேரத்துக்குள் மிருக வைத்தியர் வந்து மூட்டினைக் கழுவி, கிருமிகொல்லி மருந்து கொடுத்தல் வேண்டும். பின்கணு நோய்களுள் மணிக்கூட்டைப் பார்த்துச் சிகிச்சை செய்யவேண்டியது இதுவே.

இனிக் கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு வருவோம். 'என்பு ஸ்பாவின்' எனப்படும் இதுவே பின்கணு நோய்கள் யாவற்றிலும் முதன்மையானது. அடுக்கின் அடியிலுள்ள, சிறிதே அசையும் அவ்விரு மூட்டுகளையே இது பற்றுகின்றது. அங்கே குருத்தெலும்பு தேய்கின்றது. அதன் கீழுள்ள என்பு இறுகுகின்றது. விளிம்பிலே புதிய என்பு முளைகள் தோன்றுகின்றன. மனிதரின் மூட்டுவாதத்திற்கு நிகரான நோய் இது. நாளடைவில் கணுவின் உட்புறத்திலே, அடிப்பகுதியில், கல்போன்ற ஒரு தடிப்புத் தென்படலாம். தென்படாமலும் போகலாம்.

இந்நோய் வரும் விதத்தைக் கவனியுங்கள். ஒருநாள் திடீரெனக் குதிரை நொண்டுவதில்லை. பெரும்பாலும் இரு பின்கணுக்களும் ஒருங்கே பாதிக்கப்படுகின்றன. இரு காலும் நோகும்போது எக்காலைத் தாங்கி எக்காலால் நொண்டுவது? ஆகவே நொண்டலுக்குப் பதிலாக வேறு குறிகள் தோன்றுகின்றன. காலையில் லாயத்திலிருந்து வரும்போது நடை விறைத்திருக்கும். சிறிது நேரம் நடந்தபின் இளகும். குளம்பின் முனை தரையில் உரசும். அதனால் இலாடத்தின் முன்விளிம்பு மற்றப் பகுதியை விட விரைவிலே தேயும். அடி குறுகும். ஒரு பக்கமாக வட்டமிடச் சொன்னால் தயங்கும். முன்பு விருப்பத்தோடு தாண்டிய தடையின் முன்னே நிற்கும். பள்ளத்தில் இறங்க மறுக்கும். சேணம் வைக்கும்போது முதுகை நெளிக்கும். பின்கணுவின் நோவை மறைக்க முதுகை இறுக்குவதால், முதுகும் நோகத் தொடங்கும்.

இக்குறிகள் யாவற்றையும் ஒருங்கே சேர்த்துப் பாருங்கள். சண்டிக்குதிரைக்கு நாம் எழுதி வைத்த இலக்கணம் இதுவே அன்றோ? வகுப்பின் பின்வரிசையிலிருந்து கரும்பலகையைப் பார்த்து விழிக்கும் சிறுவன் மந்தன் எனப் பெயர் பெறுகின்றான். கண் வைத்தியர் ஒரு கண்ணாடியைக் கொடுத்த பின்பே அவன் மந்தனல்லன், தூரப் பார்வை குன்றியவன் என்பது தெரியவருகின்றது. அச்சிறுவனுக்காவது வாய் உண்டு. குதிரைக்கு அதுவும் இல்லை. மேலும், புல்வெளியிற் கூட்டமாக வாழ்ந்து பகைமிருகங்களுக்கு அஞ்சி ஓடிய இனம் அது. நொண்டுவது பிறர்க்குத் தெரிந்தால் உயிருக்கு ஆபத்து என்னும் நிலையிலே வளர்ந்த இனம், நோவை இயன்றவரை மறைக்கவே கற்றிருக்கின்றது.

அங்ஙனமாயின் மறைந்திருக்கும் நோவைக் கண்டறிவது எங்ஙனம்? வைத்தியர் முதலில் குதிரையைக் கடினமான தரையில் நேராக மெல்லோட்டமாக ஓடச்செய்து பின்புறமிருந்து பார்ப்பார். பின்பு பின்னங்காலை மடித்து ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் உயர்த்திப் பிடித்திருந்து, விட்டவுடன் ஓடச்செய்வார். நோயுள்ள கால் முதற் சில அடிகளில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆயின் இச்சோதனை மட்டும் போதாது. குதிரையின் பின்னங்காலிலே முழங்காலும் பின்கணுவும் ஒன்றோடொன்று நாண்களாற் பிணைக்கப்பட்டுள்ளன. ஒன்று மடிந்தால் மற்றதும் மடிந்தே தீரும். எனவே நோவு எம்மூட்டினது என்பதை மடித்துப் பார்த்து மட்டும் துணிய இயலாது. அதற்காக வைத்தியர் சந்தேகத்துக்குரிய மூட்டினுள் விறைப்பு மருந்தைச் செலுத்திச் சிறிது நேரம் பொறுத்து மீண்டும் ஓடச்செய்வார். நொண்டல் மறைந்தால் நோவின் இருப்பிடம் தெரிந்துவிட்டது. வாயில்லா உயிரிடம் 'எங்கே நோகின்றது?' என்று கேட்டு விடை பெறும் முறை இதுவே எனலாம்.

எக்ஸ் கதிர்ப் படம் இவற்றுக்குப் பின்னரே வருகின்றது. அதற்குத் தக்க காரணம் உண்டு. வடவத்திலாந்திக்கிலுள்ள ஐஸ்லாந்துத் தீவிலே, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெளிக்கலப்பின்றி வளர்க்கப்படும் சிறிய, உரம்வாய்ந்த குதிரை இனம் ஒன்று உண்டு. தீவை விட்டு வெளியே சென்ற குதிரை மீண்டும் அங்கே திரும்ப அனுமதியில்லை. அவ்வினத்திலே சவாரிக் குதிரைகள் வேலையிலிருந்து முன்கூட்டியே நீக்கப்படுதற்கு என்பு ஸ்பாவின் ஒரு முக்கிய காரணமாக இருந்தமையால், 6 முதல் 12 வயது வரையுள்ள சுமார் 600 குதிரைகளை ஆராய்ந்து அதன் முடிவுகளை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பத்துக்கு மூன்று அளவான குதிரைகளின் படங்களில் நோயின் அடையாளம் காணப்பட்டது. ஆயின், படத்தில் அடையாளம் உள்ளவை எல்லாம் நொண்டவில்லை. நொண்டியவை எல்லாவற்றின் படங்களிலும் அடையாளம் இல்லை. தந்தைக் குதிரைக்கு ஏற்பவும், கணுவின் கோண அமைப்புக்கு ஏற்பவும் நோயின் அளவு வேறுபட்டது. ஆகவே இருவகைப் படிப்பினை நமக்குக் கிடைக்கின்றது. படத்தை மட்டும் பார்த்துக் குதிரைக்குத் தீர்ப்பு எழுதலாகாது என்பது ஒன்று. நோய் குதிரைக்காரனின் தவறினால் மட்டும் வருவதன்று, பிறப்போடும் தொடர்புடையது. எனவே இனவிருத்திக்குக் குதிரையைத் தெரிவு செய்யும்போதே கணுவைப் பார்த்தல் வேண்டும் என்பது மற்றொன்று.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். இந்நோய் மிகப் பழையது. ஷேக்ஸ்பியர் எழுதிய 'த டேமிங் ஒஃப் த ஷ்ரூ' என்னும் நாடகத்திலே, பெத்ரூக்கியோ என்பான் தன் திருமணத்துக்கு ஏறிவரும் குதிரையின் நோய்களை ஒரு வேலைக்காரன் அடுக்கிக்கொண்டே போவான். அந்த நீண்ட வரிசையிலே ஸ்பாவினும் இடம்பெறுகின்றது. அக்காலத்துப் பார்வையாளர் சிரித்தனர் என்றால், அந்நோயை அவர்கள் தெருவிலே நாள்தோறும் கண்டிருந்தனர் என்பதே பொருள். குதிரை வைத்தியம் அந்நாளில் பெரும்பாலும் இலாடம் அடிப்போர் கையிலே இருந்தது. பிரான்சு நாட்டின் லியோன் நகரிலே குதிரையேற்றப் பள்ளியொன்றை நடத்திய குளோட் பூர்ழெலா என்பார் 1761இல் அரச அனுமதி பெற்று உலகின் முதலாவது மிருக வைத்தியப் பாடசாலையை நிறுவிய பின்னரே, அது முறையான கல்வியாக வளரத் தொடங்கியது.

அப்பழைய காலத்துச் சிகிச்சைகளுள் புகழ்பெற்றது சூடு வைத்தல். பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் நோயுள்ள மூட்டின்மேல் கோடாகவோ புள்ளியாகவோ சுடுவர். புண்ணை உண்டாக்கினால் அவ்விடத்துக்கு இரத்தம் பெருகும், அதனால் உள்நோய் ஆறும் என்பது அவர்களின் கொள்கை. சூடு வைத்த குதிரைகளிற் சில நலமடைந்ததும் உண்மையே. ஆயின் நலமடைந்தது எதனால்? சுட்ட புண் ஆறும்வரை அக்குதிரைக்கு மாதக்கணக்கில் ஓய்வு கொடுக்கப்பட்டது. ஓய்வு செய்த நன்மையை இரும்பு தன் கணக்கில் எழுதிக்கொண்டது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்திலே, குதிரையின் தசைநாண் காயங்களுக்குச் சூடு வைப்பதால் யாதேனும் பயன் உண்டா என நுணுகி ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட முடிவு, பயன் இல்லை என்பதே. பிரித்தானியாவிலே அம்முறை இன்று ஏற்கத்தகாததாகக் கருதப்படுகின்றது. எனினும் உலகின் பல பகுதிகளில் குதிரைக்கும் மாட்டுக்கும் சூடு போடும் வழக்கம் அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை.

இன்றைய சிகிச்சையை நான்கு படிகளாகக் கூறலாம்.

முதலாவது படி குளம்பு. குளம்பு சமமாகச் செதுக்கப்படாவிடில் ஒவ்வோர் அடியிலும் கணு ஒரு பக்கமாக முறுகும். திறமையான இலாடக்காரர் குளம்பைச் சமன்செய்து, இலாடத்தின் முன்விளிம்பை உருட்டி அமைப்பாராயின், குளம்பு தரையை விட்டு எழுதல் இலகுவாகின்றது. கணுவின் சுமை குறைகின்றது. இதற்கு ஆகும் செலவு சிறிது, பயனோ பெரிது.

இரண்டாவது படி வேலையை ஒழுங்குபடுத்தல். நைந்த தசைநாணுக்கு ஓய்வு வேண்டும் என்றோம். ஆயின் என்பு ஸ்பாவின் உள்ள குதிரையை லாயத்திலே நாள் முழுவதும் கட்டி வைத்தால் அது மேலும் விறைத்துப்போகும். மெதுவான, நேரான, ஒழுங்கான நடையே அதற்கு வேண்டியது. திறந்த வெளியில் உலாவ விடுதல் நன்று. சிறு வட்டங்களும், சடுதித் திருப்பங்களும், உயரத் தாண்டுதலும் தவிர்க்கப்படல் வேண்டும். உடல் மிகுதியாகப் பருத்த குதிரையின் உணவைக் குறைத்தலும் ஒரு மருந்தே.

மூன்றாவது படி மருந்து. 1949இல் மனிதரின் மூட்டுவாதத்துக்கெனப் பயன்பாட்டுக்கு வந்த பினைல்பியூட்டசோன் என்னும் மருந்து, பின்னர்க் குதிரைகளுக்கே பெரிதும் உரியதாயிற்று. வீக்கத்தையும் நோவையும் அது நன்கு தணிக்கின்றது. அளவு மீறினால் இரைப்பையிலும் குடலிலும் புண் உண்டாகும், சிறுநீரகமும் பாதிக்கப்படும். மூட்டினுள்ளேயே ஊசிமூலம் செலுத்தப்படும் ஸ்டீரொயிட் மருந்துகள் பல குதிரைகளுக்குச் சில மாத காலம் நிம்மதி தருகின்றன. அவற்றையும் தூய்மை தவறாது, தேர்ந்த கையால், வேண்டிய அளவே செலுத்துதல் வேண்டும். அண்டை வீட்டார் குதிரைக்குக் கொடுத்த மருந்தின் மிச்சத்தை நம் குதிரைக்குக் கொடுப்பது எக்காரணம் கொண்டும் தகாது.

நான்காவது படியே வியப்புக்குரியது. அடியிலுள்ள அவ்விரு மூட்டுகளும் அசைவது மிகச் சிறிது என்று தொடக்கத்திலே கூறினேன். தேய்ந்த இரண்டு என்புகள் ஒன்றோடொன்று உரசும்வரை நோவு உண்டு. அவை முற்றாக ஒட்டி ஒரே என்பாகிவிட்டால் உரசல் இல்லை. உரசல் இல்லையேல் நோவும் இல்லை. மடிதல் முழுவதும் மேல்மூட்டிலே நிகழ்வதால், கீழ்மூட்டுகள் மூடிக்கொள்வதனால் குதிரையின் நடைக்குப் பெருங்குறை நேர்வதில்லை. சில குதிரைகளில் இயற்கையே பல ஆண்டுகளில் இவ்வொட்டுதலைச் செய்து முடிக்கின்றது. இயற்கை காலம் தாழ்த்துமிடத்து, வைத்தியர் துளையிட்டுக் குருத்தெலும்பை நீக்கியோ, மூட்டினுள் மதுசாரத்தைச் செலுத்தியோ அதனை விரைவுபடுத்துகின்றார். மதுசாரம் செலுத்துமுன், கீழ்மூட்டுக்கும் மேல்மூட்டுக்கும் இடையே வழி எதுவும் திறந்திருக்கவில்லை என்பதைப் படத்தில் தெரியும் திரவம் ஒன்றைச் செலுத்தி உறுதிசெய்தல் இன்றியமையாதது. மேல்மூட்டிலே அது புகுந்தால், காக்க வேண்டியதையே அழித்துவிடும். மற்றைய மூட்டுகளிற் பெரும்பாலும் அசைவைக் காப்பதே வைத்தியம். இங்கே அசைவை நிறுத்துவதே வைத்தியம். எந்த மூட்டு எதற்காக அமைந்தது என்னும் அறிவே இத்துணிவைத் தந்தது.

இவ்வளவும் கூறியபின் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. நோவைத் தணித்தலும் நோயைத் தீர்த்தலும் ஒன்றா? 1968ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் நடைபெற்ற கென்ரக்கி டேர்பி என்னும் புகழ்வாய்ந்த ஓட்டத்தில், கால்மூட்டு நோவுடைய 'டான்சர்ஸ் இமேஜ்' என்ற குதிரை முதலாவதாக வந்தது. ஓட்டத்தின் பின் நடந்த சோதனையில், முன்னர் நாம் கூறிய பினைல்பியூட்டசோன் அதன் உடலிற் காணப்பட்டது. அக்காலத்து அப்பந்தயத்தின் விதிகள் அதற்கு இடந்தரவில்லை. வெற்றி பறிக்கப்பட்டு, இரண்டாவதாக வந்த 'போர்வேர்ட் பாஸ்' என்பதற்கு வழங்கப்பட்டது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது நமக்கு வேண்டுவதன்று. போட்டி நாளில் இத்தகைய மருந்துகளை விதிகள் ஏன் தடுக்கின்றன என்பதே நாம் எண்ண வேண்டியது. பிற குதிரைகளுக்கு அநீதி நேரும் என்பது ஒரு காரணம். மற்றது இன்னும் ஆழமானது. நோவு ஒரு காவற்காரன். 'இனி ஓடாதே' என்று மூட்டு அனுப்பும் செய்தியே நோவு. மருந்தினால் அக்காவற்காரனின் வாயைக் கட்டிவிட்டு முழு வேகத்தில் ஓட்டும்போது, குதிரை தன் மூட்டினை அறியாமலே நொறுக்கிக்கொள்கின்றது. முதுமையடைந்த குதிரை புல்வெளியில் நோவின்றி உலாவ மருந்து கொடுப்பது இரக்கம். அதே மருந்தைக் கொடுத்துத் தடை தாண்டச் செய்வது வேறு. மருந்து ஒன்றே, கொடுப்பவனின் நோக்கமே அதனை மருந்தாகவோ ஏமாற்றாகவோ ஆக்குகின்றது.

நமக்கும் குதிரைக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டிநாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அந்நாட்டு மன்னர் ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகளைக் கடல்கடந்து வருவித்ததையும், குதிரை பேணத் தெரிந்தோர் அங்கே இன்மையால் அவற்றுட் பெரும்பாலன விரைவில் மாண்டதையும் எழுதிவைத்துள்ளார். பொன்னைக் கொட்டிக் குதிரையை வாங்கிய நாடு, குதிரையைக் காக்கும் அறிவை வாங்கவில்லை என்பதே அவர் கூற்றின் சாரம். நம் நெடுந்தீவிலே, ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் கொண்டுவந்து வளர்க்கப்பட்டவற்றின் வழித்தோன்றல்களான குதிரைகள் இன்றும் மேய்ப்பாரின்றித் திரிகின்றன. நுவரெலியாவிலே பந்தயக் குதிரைகளும், பயணிகளை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரைகளும் உள்ளன. அங்கே மட்டக்குதிரை ஒன்றின்மேற் பிள்ளையை ஏற்றிவிட எண்ணும் பெற்றோர், ஏற்றுமுன் அது நடக்கும்போது ஒருமுறை பின்னால் நின்று பார்ப்பாராக. குளம்பின் முனை தரையில் உரசுகின்றதா? திரும்பும்போது தயங்குகின்றதா? அவ்வாறாயின் அதனை நடத்துபவரிடம் பணிவாகச் சொல்லிவிட்டு, வேறொரு குதிரையைத் தெரிவு செய்தல் நன்று.

நேயர்களே, பின்கணு நோய்க்கு இன்று வழிகள் பல உண்டு. குளம்பைச் சமன்செய்தலும், நடையை ஒழுங்குபடுத்தலும், அளவறிந்து மருந்து கொடுத்தலும், வேண்டுமிடத்து மூட்டினை ஒட்டவைத்தலும் கைகண்ட முறைகள். ஆயின் இவையாவும் தொடங்குவது ஓரிடத்திலேதான். அடம்பிடிக்கும் குதிரையைக் கண்டவுடன், 'இதற்கு என்ன திமிர்' என்று கேளாது, 'இதற்கு எங்கே நோகின்றது' என்று கேட்கும் மனிதன் ஒருவன் லாயத்திலே இருத்தல் வேண்டும். அவன் இல்லாவிடில் எக்ஸ் கதிரும் ஊசியும் அக்குதிரையின் பக்கம் வந்து சேரமாட்டா. சவுக்குத்தான் வந்து சேரும்.